"படத்தில் உள்ள எழுத்தை டைப் செய்க": கண் தெரியாதவர்கிட்டயா?

எங்க திருவெறும்பூர் எறும்பீஸ்வரரைப் பார்க்கப் படியேறணும். சோழர் காலத்துக் கோயில், குன்று மேல இருக்கு. சரி. போன வருஷம் கட்டின வெப்சைட்டுக்கு எதுக்குங்க படிக்கட்டு?

"பார்வை இல்லாதவங்க போன் பார்ப்பாங்களா டாக்டர்?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். பார்க்க மாட்டாங்க, கேட்பாங்க. ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர், கம்ப்யூட்டரில் இலவசமா என்விடிஏ. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும்.

ஆனா வாசிக்க எழுத்து இருக்கணுமே! சுற்றறிக்கையை ஸ்கேன் பண்ணி பிடிஎஃப்னு ஏத்துறோம். அது வெறும் போட்டோ. பட்டனுக்குப் பெயர் கொடுக்காம விடுறோம். போன் "பட்டன், பட்டன், பட்டன்" என்கிறது. எதை அமுக்க? கடைசியில் கேப்ச்சா, அதுக்கு ஒலி வசதி கிடையாது. கதை முடிஞ்சது.

இது பார்வையற்றவர்கள் பிரச்சினை மட்டும் இல்லை. சர்க்கரையால் விழித்திரை கெட்டவர், பார்கின்சனில் கை நடுங்குபவர், பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு கையோடு இருப்பவர். எல்லாரும் என் ஓபியில் தினமும் உட்கார்ந்திருக்காங்க. ஓடிபியைத் தேடி எடுத்து அடிக்கிறதுக்குள்ள நேரம் முடிஞ்சு போகுது.

சட்டம் இல்லையா? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 42வது பிரிவு. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், வெறும் பரிந்துரை போதாது, கட்டாய விதிகளை 3 மாசத்தில் வகுங்கள் என்றது. 2025 ஏப்ரல் 30இல் பிரக்யா பிரசூன் வழக்கு. ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்தவர்களிடம் கேஒய்சிக்காக "கண்ணைச் சிமிட்டுங்க" என்று கேட்ட கொடுமை. டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி 20 உத்தரவுகள் போட்டார்கள்.

"எத்தனை பேர் வரப்போறாங்க, செலவு யார் பண்றது?"ன்னு ஒரு கேள்வி வரும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள். கதவைச் சாத்திட்டு யாரும் வரலைன்னு சொல்லக்கூடாது. பட்டனுக்குப் பெயர் வைப்பது ஒரு வரி வேலை. முகப்புல ஓடுற பேனருக்குக் கொடுக்கிற காசுல கால்வாசிகூட ஆகாது.

திருச்சி டாக்டர்களே, முதல்ல நாம. மவுஸைக் கழட்டி வைங்க. டேப் கீயை மட்டும் அமுக்கி உங்க ஆஸ்பத்திரி சைட்ல உங்ககிட்டயே ஒரு அப்பாயின்ட்மென்ட் போடுங்க. எந்த இடத்துல மாட்டிக்கிட்டீங்கன்னு கீழே எழுதுங்க.