இறங்கும் படிகளும் திரும்ப ஏறும் படிகளும்

சித்திரையும் வைகாசியும் சேலம், நாமக்கல் சமவெளியைக் காய்ச்சி எடுக்கும் மாதங்கள். பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும், நண்பர்கள் நால்வர் கூடுமிடத்தில் பேச்சு மலையை நோக்கித் திரும்புகிறது. சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் நமக்குக் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறு பாகை குறையும் என்பதால் அந்த ஆவல் இயல்பானதே. “நண்பர்களோடு மலைக்குப் போகலாமா, டாக்டர்?” என்ற கேள்வியைக் கோடைதோறும் இதயநோய்ப் பிரிவில் நாங்கள் கேட்கிறோம். கேளாமலே புறப்படுவோர் அதைவிட மிகுதி. இரு சாராருக்காகவும் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

எங்கள் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். நோய் கட்டுக்குள் இருப்போரில் பெரும்பாலோர், மருத்துவரைக் கலந்துகொண்டு, உரிய ஆயத்தத்துடன் மலை நடை செல்லலாம். “இதய நோயாளி வீட்டிலேயே இருக்கட்டும்” என்று குடும்பத்தார் தடுப்பது அன்பினால் விளைவது எனினும், அது எப்போதும் சரியன்று. படிப்படியாகக் கூட்டப்படும் நடை இதயத்திற்கு மருந்து போன்றது. கேடு விளைவிப்பது பழக்கமற்ற உடலின் மீது ஒரே நாளில் சுமத்தப்படும் கடும் உழைப்பே. ஆண்டு முழுவதும் லாரி ஓட்டுநர் இருக்கையிலோ, கடையின் கல்லாவிலோ, அலுவலக நாற்காலியிலோ அமர்ந்திருந்த நாற்பத்தைந்து வயதுக்காரர், மே மாதத்து ஞாயிறு ஒன்றில் திடீரென ஆயிரம் படிகளை எதிர்கொள்வதே எங்களுக்குக் கவலை அளிக்கிறது.

நம் பகுதியின் இரு இடங்களை ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும். திருச்செங்கோட்டு மலைக்கோயிலுக்கு ஏறக்குறைய 1,200 படிகள் உள்ளன. அங்கு உழைப்பு முதலில், ஓய்வு பின்னர். நெஞ்சு இறுகினாலோ மூச்சு வாங்கினாலோ நூறாவது படியிலேயே உடல் எச்சரித்துவிடும், திரும்பினால் இறக்கம்தான். கொல்லிமலையின் ஆகாய கங்கை அருவியிலோ முறை தலைகீழானது. அறப்பளீசுவரர் கோயிலருகே தொடங்கி, ஆயிரத்திற்கும் மேற்பட்ட படிகள் பள்ளத்தாக்கிற்குள் இறங்குகின்றன. இறங்கும்போது இதயத்திற்கு வேலை குறைவு. ஆதலால் அது எச்சரிக்கை எதனையும் தருவதில்லை. உடலின் எடையைத் தாங்கித் தாங்கித் தொடைத் தசைகள் மட்டும் ஓசையின்றித் தளர்கின்றன. அருவியில் குளித்து, பசியோடும் தாகத்தோடும், வெயில் ஏறிய நண்பகலில், அதே படிகளை ஏற வேண்டிய கட்டாயம் பின்னர் வருகிறது. அங்கு பாதியில் திரும்புதல் என்பது இல்லை. எப்படியும் மேலே வந்தாக வேண்டும். எனவே ஆகாய கங்கைக்குச் செல்வோர் முடிவெடுக்க வேண்டிய இடம் முதற்படியே. இறங்கும் ஒவ்வொரு படியும் ஏறுவதற்கான கடன் என்று எண்ணிக்கொள்வது நல்லது.

மற்றொரு தவறான எண்ணமும் பரவலாக உள்ளது. மலையில் மூச்சு வாங்கினால், “உயரத்தில் காற்றில் பிராண வாயு குறைவு, அதனால்தான்” என்று நண்பர்கள் ஆறுதல் கூறுவர். உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தோன்றுகிறது. ஏற்காடே சுமார் 1,500 மீட்டர் உயரந்தான். கொல்லிமலை அதனினும் தாழ்ந்தது. உடன் வருவோர் இயல்பாகப் பேசி நடக்கையில் ஒருவருக்கு மட்டும் பேச இயலாதபடி மூச்சு முட்டினால், பழியை மலையின் மீது போடாதீர்கள். பயிற்சிக் குறைவோ, இதயமோ, நுரையீரலோ, இரத்த சோகையோ காரணமாக இருக்கக்கூடும்.

நெஞ்சில் பாரம், இடக்கை அல்லது தாடையில் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, குமட்டல், காரணமற்ற பெருஞ்சோர்வு ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகளாகலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். அந்நேரத்தில் “வாயுத் தொல்லை” என்று சோடா வாங்கிக் கொடுத்துக் காத்திருத்தல் கூடாது. அவரை அமரச் செய்து, ஓரடியும் நடக்கவிடாமல், 108-ஐ அழைக்க வேண்டும். இதய இரத்தக்குழாய் அடைப்பை உடனே நீக்கும் வசதி சமவெளியில்தான் உள்ளது. அதற்கும் நமக்கும் இடையே காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. தயங்கிக் கழிக்கும் ஒவ்வொரு நிமிடத்திலும் இதயத் தசை அழிந்துகொண்டிருக்கும்.

மருந்துகளைப் பற்றியும் கூற வேண்டும். இன்சுலினோ, சர்க்கரையை விரைந்து குறைக்கும் மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு நீண்ட நடையின்போதும், அன்றிரவிலும்கூட, சர்க்கரை மிகத் தாழக்கூடும். நீர் பிரியச் செய்யும் மாத்திரைகள் வெயிலில் உடலை மேலும் வறளச் செய்யும். சில இதய மாத்திரைகள், சர்க்கரை தாழும்போது தோன்றும் படபடப்பை மறைத்துவிடும். இவற்றுள் எதனையும் தாமாக நிறுத்துதல் ஆபத்து. பயணத்திற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் வந்து அளவை உறுதி செய்துகொள்ளுங்கள். மாத்திரைகளும் குளுக்கோஸும் வண்டியிலுள்ள பெட்டியில் இருந்து பயனில்லை. சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

கோடைக்கேயுரிய மற்றோர் ஆபத்து வெப்பவாதம். உடல் அனலாய்க் கொதிக்க, ஒருவர் தொடர்பின்றிப் பேசினாலோ தள்ளாடினாலோ, நிழலில் கிடத்தி, உடலெங்கும் நீரூற்றி விசிறிக் குளிர்விப்பதே முதல் வேலை. நினைவு தெளிவாக இல்லாதவரின் வாயில் நீர் புகட்டக் கூடாது.

இவை யாவும் மருத்துவம் சொல்லும் செய்திகள். ஆனால் மலையில் உயிரைக் காப்பதும் போக்குவதும் பெரும்பாலும் நட்பின் நடைமுறையே என்பது எங்கள் துணிபு. கூட்டத்தில் தாம் மட்டும் பின்தங்குவது அவமானம் என்று எண்ணி வலியை மறைப்பவர் உண்டு. தமக்கு ஸ்டென்ட் வைத்திருப்பதையே உடன் வரும் நண்பர்களிடம் சொல்லாதவரும் உண்டு. “இதற்கே மூச்சு வாங்குகிறதா?” என்ற ஒரு கேலிச் சொல், நின்று இளைப்பாற வேண்டியவரை ஓட வைத்துவிடுகிறது. போதாக்குறைக்கு மதுவும் சேர்ந்தால், வறட்சியும் துணிச்சலும் ஒருசேர வளர்கின்றன. 2024 கோடையில் வெள்ளியங்கிரி மலை ஏறியவர்களுள் சிலர் வழியிலேயே உயிரிழந்த செய்திகளை நாளிதழ்களில் படித்தோம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீ, மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. கோடை மலையில், கூட்டமாகச் செல்வது மட்டுமே பாதுகாப்பாகிவிடாது. வனத்துறை அனுமதி மறுக்கும் பாதையில் செல்லாதிருத்தலும் உயிர்காக்கும் ஒழுக்கமே.

எனவே எங்கள் வேண்டுகோள் இது. பயணத்தை ஒருங்கிணைப்பவர், வண்டி வாடகையைக் கணக்கிடுவதற்கு முன், ஒவ்வொருவரின் நோய், மருந்து, வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். ஆறு வாரங்களுக்கு முன்பிருந்தே அன்றாடம் நடந்து, படிகளும் ஏறிப் பழகட்டும். காலையில் வெயிலுக்கு முன் தொடங்கி, பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் செல்லட்டும். எல்லோரிலும் மெதுவாக நடப்பவர் முன்னே செல்ல, மற்றவர் அவர் பின்னே வரட்டும். அவர் “போதும்” என்றால், அது அனைவரின் முடிவாகட்டும்.

குடும்பத்தாருக்கும் ஒரு சொல்: “போகாதீர்கள்” என்று தடுப்பதைவிட, “யாரோடு போகிறீர்கள்? உங்கள் நோயை அவர்கள் அறிவார்களா?” என்று கேளுங்கள். அவ்விரு வினாக்களுக்கும் தெளிவான விடை கிடைத்தால், மகிழ்ந்து வழியனுப்புங்கள். கிடைக்காவிடில், புறப்படும் முன் அந்த நண்பர்களை ஒருநாள் வீட்டிற்கு அழைத்துக் காபி கொடுத்துப் பேசுங்கள்.