ஹேண்டில் லாக் மட்டும் போதுமா?



கிருஷ்ணன்கோவிலில் கல்லூரி மாணவர்களும், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேலைக்குப் போகிறவர்களும் பைக்கைச் சாலையோரம் நிறுத்திவிட்டுப் பஸ் ஏறுகிறார்கள். பலருக்கு ஹேண்டில் லாக் ஒன்றே காவல். அது பலமாகத் திருப்பினால் உடைந்துவிடக்கூடியது.

முன்சக்கரத்துக்கு ஒரு டிஸ்க் லாக், இல்லையென்றால் கம்பத்தோடு சேர்த்துப் பூட்டிய கனமான சங்கிலி வேண்டும். ஆட்டோக்காரர்களுக்குக் கவலை இன்னும் அதிகம். இரவில் பேட்டரி போனால் மறுநாள் பிழைப்பே போச்சு. பேட்டரிப் பெட்டிக்குத் தனிப் பூட்டும், மின் இணைப்பைத் துண்டிக்கும் மறைவான சுவிட்சும் அவர்களுக்கு அவசியம்.

மூன்றாம் நபர் காப்பீடு திருட்டுக்குப் பணம் தராது என்பது பலருக்கும் வண்டி போன பிறகுதான் தெரிகிறது. முழுக் காப்பீடு இருந்தாலும் நிறுவனங்கள் இரண்டு சாவிகளையும் கேட்கும். எஞ்சின், சேஸிஸ் எண்களை வீட்டில் எழுதி வைப்பது நல்லது.

வண்டி திருடு போனால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டக் கூட்டம் வருவதற்குள், கிருஷ்ணன்கோவில் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி காவலாளியும் கேமராவும் உள்ள வாகனக் காப்பகத்துக்கு மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகர், கிருஷ்ணன்கோவில்