மருந்தடிப்பதா? மாற்றிப் படைப்பதா?

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்)



ஒயின் திராட்சையைப் பற்றி மலருக்குக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் விடுதியில் ஒரே சிரிப்பு. "என்னடா, பிரிவு உபசார விழாவுக்கு ஏற்பாடா?" என்றான் அறை நண்பன். குடிப்பதைப் பற்றி அல்ல நண்பர்களே, கொடியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் என் மாமாவுக்கு ஒரு ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல். போன விடுமுறைக்குப் போயிருந்தபோது ராத்திரி மழை பெய்தது. விடிவதற்குள் மாமா ஸ்பிரேயரைத் தூக்கிவிட்டார். சட்டையெல்லாம் மயில்துத்தத்தின் நீலக் கறை. "மழை பேஞ்சா மருந்தடிக்கணும் மாப்ளே. ஒரு நா அசந்தா அடிச்சாம்பல் எலையத் தின்னுரும்" என்றார். வருஷத்துக்கு எத்தனை தடவை என்று கேட்டேன். "அத எண்ணிப் பாத்தா வெவசாயம் பண்ண முடியாது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நீலக் கறைக்கு ஒரு சரித்திரம் உண்டு. அடிச்சாம்பல் நோய் அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்கு வந்தது. அங்கே அதைக் கண்டது 1878-ல். போர்டோவில் பேராசிரியராக இருந்த மில்லார்டே ஒரு விஷயத்தைக் கவனித்தார். சாலையோரத் தோட்டக்காரர்கள் பழத் திருடர்களைப் பயமுறுத்த மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து கொடிகளில் தெளித்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் இலை உதிரவில்லை! 1885-ல் அவர் உலகுக்கு அறிவித்ததுதான் போர்டோ கலவை. அன்று அது பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் 140 வருஷம் கழித்தும் நாம் தெளித்துக்கொண்டே இருந்தால் அதற்கு என்ன அர்த்தம்? ஒரு மெஷின் தினம் தினம் ரிப்பேர் ஆனால் ஸ்பேனரைக் குறை சொல்வோமா, டிசைனைப் பார்ப்போமா?

டிசைனில்தான் கோளாறு. ஒயினுக்குப் பேர்போன ஐரோப்பிய திராட்சை இனத்துக்கு இந்த நோயோடு பழக்கமே இல்லை. அமெரிக்கக் காட்டுக் கொடிகளோ நோயோடு சேர்ந்தே வளர்ந்தவை; எதிர்ப்புச் சக்தி ரத்தத்தில் ஊறியவை. போதாக்குறைக்கு, திராட்சையைக் குச்சி வெட்டி நட்டே பெருக்குகிறோம். கொடி பல நூற்றாண்டாய் மாறாமல் நிற்கிறது. பூஞ்சாணமோ ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது.

"அப்ப ரெண்டையும் ஒட்டுச் சேர்த்தா போச்சு" என்பீர்கள். சேர்த்தார்கள். நோய் தாங்கியது, ஆனால் பல ரகங்களின் ஒயினில் காட்டு வாடை அடித்தது. 1930-களில் பிரான்ஸ் ஆறு கலப்பின ரகங்களுக்குத் தடையே போட்டது. வாடையைப் போக்க வழி, பிறக்கும் கன்றுகளில் நோய் தாங்குவதைப் பொறுக்கி மறுபடி மறுபடி நல்ல ஒயின் ரகத்தோடு சேர்ப்பது. ஒவ்வொரு தடவையும் காட்டுப் பங்கு சராசரியாகப் பாதியாகும்: 50, 25, 12.5, 6.25, கடைசியில் 3 சதவீதம் சொச்சம். ஒரு விதை முளைத்துப் பூக்கவே இரண்டு மூன்று வருஷம் ஆகும். ஜெர்மனியில் 1967-ல் சேர்த்த 'ரீஜென்ட்' ரகம் 1996-ல்தான் தோட்டத்துக்கு வந்தது. ஒரு மனுஷனின் உத்தியோக காலமே அதற்குள் முடிந்துவிடும்!

இங்கேதான் மரபணு அடையாளம் கைகொடுக்கிறது. நம் ஒர்க்‌ஷாப்பில் 'கோ, நோ-கோ கேஜ்' வைத்து ஜாப்பைச் சோதிக்கிறோமே, அதே வேலைதான். நாற்று சின்னதாக இருக்கும்போதே ஓர் இலைத் துணுக்கை எடுத்து, எதிர்ப்பு மரபணுவின் அருகிலுள்ள அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இல்லையென்றால் அன்றே கழிவு. வெளி மரபணு எதையும் ஊசியால் ஏற்றுவதில்லை. பூவும் மகரந்தமும்தான் வேலை செய்கின்றன. கேஜ் ஜாப்பைச் செய்யாது, தேர்ந்தெடுக்க மட்டும் உதவும். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆண்டி வாக்கர் இப்படித்தான், பியர்ஸ் நோய் தாங்கும் ஐந்து ரகங்களை உருவாக்கினார். அவை 2019-ல் வெளியாயின.

இன்னொரு உபயோகம் இதைவிடப் பெரிது. ஒரே பூட்டுப் போட்ட வீட்டைத் திருடன் ஒருநாள் திறந்துவிடுவான். பியான்கா என்ற ஹங்கேரிய ரகத்தின் எதிர்ப்பை மீறும் அடிச்சாம்பல் பூஞ்சாணம் உண்டு என்று 2010-ல் ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். ஆகவே இரண்டு மூன்று பூட்டு வேண்டும். ஒரு பூட்டுள்ள கொடியும் இரண்டு பூட்டுள்ள கொடியும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசத்தைக் காட்டுவது அடையாளம்தான். பிரான்சில் அலைன் புக்கே 1974-ல் தொடங்கிய உழைப்பின் மேல் கட்டப்பட்ட அர்த்தபான், விடோக், ஃப்ளோரியல், வோல்டிஸ் ஆகிய நான்கு ரகங்கள் 2018-ல் பதிவாயின. அவற்றுக்கும் ஒன்றிரண்டு தெளிப்பு தேவைதான். ஆனால் ஒன்றிரண்டு எங்கே, மாமாவின் எண்ண முடியாத கணக்கு எங்கே!

அப்படியானால் தடை என்ன? பெயர்! வாங்குகிறவர் லேபிளில் பழைய பெயரைத்தான் தேடுகிறார். புதுக்கொடிக்குச் சட்டமும் தயங்கித் தயங்கித்தான் கதவு திறந்தது. ஷாம்பெயின் வட்டாரம் வோல்டிஸை ஏற்றது 2022-ல். நம் கதையும் அதேதான். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். ஆனால் அந்தப் பன்னீரும் ஐரோப்பிய இனமான மஸ்கட் ஹாம்பர்க்தான், நோய் தாங்காது. புனேயின் அகர்கர் ஆய்வு நிலையம் அமெரிக்க 'கட்டாபா'வையும் 'பியூட்டி சீட்லெஸ்'ஸையும் சேர்த்து ஏ.ஆர்.ஐ-516 என்ற ரகத்தைத் தந்திருக்கிறது. இதை மாமாவிடம் சொன்னேன். "யாவாரி பன்னீர் இருக்கான்னுதானே மாப்ளே கேப்பான்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

என் கருத்து இதுதான். அதே பன்னீர் வாசனையோடு நோய் தாங்கும் கொடியை உருவாக்க முடியும். அதற்கு வழி தெரியும், கருவியும் வந்துவிட்டது. வேண்டியது இருபது வருஷம் விடாமல் பணம் போடும் அரசாங்க ஆய்வு நிலையமும், புதுப் பெயரைச் சுவைத்துப் பார்க்கச் சம்மதிக்கும் நாக்கும். முதலாவதை நாம் கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவது நம் கையில்தான், இல்லை, வாயில்தான் இருக்கிறது!

நண்பர்களே, நாளைக்கு நாமும் ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிற்போம். திரும்பத் திரும்ப ஒரே ரிப்பேர் வரும்போது, "டிசைனை மாத்தினா என்ன சார்?" என்று ஒரு தடவையாவது கேட்போம். மாமாவின் சட்டையில் கறை போகட்டும்!