அளவீடும் மதிப்பீடும்

மரக்கால் கொண்டு நெல்லை அளந்து சொல்வது அளவீடு. களத்தில் குவிந்து கிடக்கும் பொலியைக் கண்ணால் நோக்கி, இத்தனை கலம் தேறும் எனச் சொல்வது மதிப்பீடு. பழகிய உழவரின் மதிப்பீடு பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ஆயினும் பங்கு பிரிக்கும்போது மரக்காலைத்தான் எடுக்கிறோம். காற்று மாசினைக் காட்டும் வண்ணப் படங்களை இந்நாளில் காணுந்தோறும், இவ்வேறுபாடு மறக்கப்படுகிறதோ என்னும் ஐயம் நமக்கு எழுகிறது.

2.5 மைக்ரான் விட்டமும் அதனினும் சிறியனவுமாகிய நுண்துகள்கள், தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே உள்ளவை. நுரையீரலின் அடியாழம் வரை செல்ல வல்லவை. ஒரு கன மீட்டர் காற்றில் இவற்றின் ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராமுக்கு மிகலாகாது என 2009இல் இந்திய அரசு வரையறுத்தது. உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் அதனை 5 எனக் குறைத்தது. கங்கைச் சமவெளியின் பெரும்பகுதி இவ்விரு வரம்புகளையும் கடந்தே நிற்கிறது. அங்கே அளவுக் கருவிகள் பெரிதும் நகரங்களில்தான் உள்ளன. சிற்றூர்கள் மூச்சுவிடும் காற்றை அளப்பார் அரியர்.

இக்குறையை நிரப்பவே செயற்கைக்கோள் துணைக்கு வந்தது. 1999இல் ஏவப்பட்ட டெரா, 2002இல் ஏவப்பட்ட அக்வா ஆகிய கோள்களின் கருவிகள், துகள்கள் சிதறடிக்கும் கதிரொளியைக் கொண்டு காற்றின் ஒளித்தடிமனைக் கணக்கிடுகின்றன. அக்கணக்கு தரையிலிருந்து வானுச்சி வரையுள்ள காற்றுத்தூண் முழுமைக்கும் உரியது. நாம் சுவாசிப்பதோ அத்தூணின் அடியில் உள்ள சில அடிக் காற்றை. பனிக்காலத்தில் காற்று கலக்கும் அடுக்கு தாழ்ந்துவிடுவதால், அதே அளவு துகள் தரையருகே செறிந்து நிற்கும். ஈரம் மிகுந்தால் துகள் பருத்து ஒளியைக் கூடுதலாகத் தடுக்கும்.

இச்சிக்கலை அவிழ்ப்பதற்கே இயந்திரக் கற்றல் பயன்படுகிறது. (பொறிவழிக் கற்றல் என்பாரும் உளர், ஐம்பொறி என்னும் வழக்கு நம்மிடம் இருப்பதால் முன்னதையே நாம் கொள்கிறோம்.) ஒளித்தடிமன், வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம், நிலப்பயன்பாடு ஆகியவற்றை வினாவாகவும், தரைக்கருவி காட்டிய அளவை விடையாகவும் கொடுத்துக் கணினியைப் பழக்குகின்றனர். பின்னர் கருவி இல்லாத ஊருக்கு அதுவே விடை சொல்கிறது. விடை தெரிந்த கணக்குகளால் மாணவரைப் பழக்கிப் புதுக்கணக்கைக் கொடுப்பது போன்றதே இது.

இம்முயற்சியால் விளைந்த நன்மை சிறிதன்று. 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம் நகரங்களையே அலகாகக் கொண்டது. செயற்கைக்கோள் தரவைக் கொண்டு 2020இல் வெளிவந்த ஆய்வுகளோ, நாட்டுப்புறக் காற்றும் நகரக் காற்றுக்கு நிகராகவே மாசுற்றுள்ளது எனக் காட்டின. கருவிகள் காட்டாத உண்மை இது. ஆதலின் இக்கலையைக் குறைகூறுவது நம் நோக்கமன்று.

நம் கவலை வேறு. பழக்கும் விடைகள் பெரிதும் நகரத்தனவாக இருக்க, கணினி நகரத்தின் இயல்பையே கற்கிறது. பீகாரின் சிற்றூரில் விறகும் வறட்டியும் எரியும் அடுப்புகள் காலையிலும் மாலையிலும் புகைகின்றன. அக்கோள்கள் நோக்குவதோ முற்பகலிலும் நண்பகலை அடுத்தும்தான். 2024இல் பஞ்சாப், அரியானா வயல்களில் நெற்றாள் எரிப்பு, கோள்கள் கடந்து சென்றபின் பிற்பகலில் மிகுதியாக நிகழ்வதை அறிவியலார் சுட்டிக்காட்டினர். மேலும், கார்காலத்தில் மேகம் மறைக்கிறது. பனிக்காலத்தின் அடர்ந்த மூட்டத்தையும் மேகமெனக் கொண்டு கணக்கு தள்ளிவிடுவதுண்டு. மக்கள் மிகுதியாக இருமும் நாளே பதிவேட்டில் வெற்றிடமாகிறது! அவ்வெற்றிடத்தையும் மற்றொரு மதிப்பீட்டால் நிரப்பியபின் படம் குறையற்றதாய்க் காட்சி தருகிறது. உச்ச அளவுகளைக் குறைத்துச் சொல்வதும் இத்தகைய முறைகள் பலவற்றின் இயல்பு.

'எம் கணக்கு மிகச் சரியானது' என்போரிடம் ஒன்று கேட்கவேண்டும். பழக்கிய நிலையத்தின் வேறொரு நாளைக் கொண்டு சோதித்தீரா? அன்றி, கணினி கண்டறியாத ஊரின் நிலையத்தைக் கொண்டு சோதித்தீரா? முன்னது எளிய தேர்வு. பின்னதில் பெறும் மதிப்பெண்ணே சிற்றூர்க்குப் பொருந்தும். அப்பிழையளவையும் படத்தோடு சேர்த்தே வெளியிடவேண்டும் என்பது நம் கருத்து.

கோள் இருக்கிறது, தரைக்கருவி எதற்கு என்னும் வாதம் இங்குதான் தடுமாறுகிறது. தரைக்கருவி குறைந்தால் கணினிக்குக் கற்பிக்க விடையே இராது. கங்கைச் சமவெளியின் சிற்றூர்க் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் மொட்டைமாடி உண்டு. நாள்தோறும் குறித்துவைக்க மாணவர் உண்டு. புதிய கருவிகளில் ஒரு பங்கினை, அடுப்புப் புகை எட்டும் அவ்விடங்களில் முதலில் நிறுவுவது தகும்.