செல்போனில் பணம் அனுப்பும் பாடம்: இடையில் விடுபட்ட நம்மவர்கள்

லேக் கார்டன்ஸ்: மாதம் பிறந்ததும் அஞ்சலக வரிசையில் நின்று மணியார்டர் படிவம் எழுதிய காலத்தை, நம்மவர்களில் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்று லேக் மார்க்கெட்டில் இரண்டு வாழைக்காய் வாங்கினாலும் கடைக்காரர் கட்டம் போட்ட அட்டையைத்தான் காட்டுகிறார். ரயில்வேயின் முன்பதிவில்லா டிக்கெட் கவுண்டர்களிலும் 2024 முதல் அதே கட்டங்கள் வந்துவிட்டன. யுபிஐ என்ற இந்த முறை தொடங்கியது 2016 ஏப்ரலில். 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் நாடெங்கும் நடந்த யுபிஐ பரிமாற்றங்கள் 2,000 கோடியைத் தாண்டின. சில்லறைக்காகச் சண்டை போடும் தொல்லை ஒழிந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் இதை மக்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

அரசு கற்றுக்கொடுக்காமல் இல்லை. 2017 பிப்ரவரியில் மத்திய மந்திரிசபை பிரதம மந்திரியின் கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மதிப்பீடு சுமார் 2,351 கோடி ரூபாய். கம்ப்யூட்டர், செல்போன், இன்டர்நெட் ஆகியவற்றோடு பணம் அனுப்பும் முறைகளும் பாடத்தில் சேர்ந்தன. மொத்தம் 20 மணி நேரப் படிப்பு. பிறகு தேர்வு, சான்றிதழ். ஆறு கோடிப் பேர் என்பது இலக்கு. 2024 மார்ச் 31ல் திட்டம் முடிந்தபோது 6.39 கோடிப் பேர் பயிற்சி பெற்றிருந்தனர். கணக்கைப் பார்த்தால் வெற்றிதான்.

திட்டத்தின் நிபந்தனைகளைப் படித்தால்தான் நம் நிலை விளங்கும். கிராமப்புறக் குடும்பங்களுக்கு மட்டும், குடும்பத்துக்கு ஒருவர், வயது 14 முதல் 60 வரை. ஊரில் ரேஷன் கார்டும் கல்கத்தாவில் வாடகை அறையுமாக வாழும் தொழிலாளி இதில் எங்கே வருவார்? ஊரில் அவர் இல்லை, இங்கே கிராமம் இல்லை. அறுபதைத் தாண்டிய பென்ஷன்காரரோ வயதினாலேயே விலக்கப்பட்டார். சேமிப்பு முழுவதும் வங்கியில் இருப்பதால் மோசடிக்காரர்கள் தேடிப் போவதும் அவரைத்தான். ரிசர்வ் வங்கி 2017ல் தொடங்கிய நிதிக் கல்வி மையங்களும் ஒன்றிய அளவில் அமைந்தவையே. மாநகரத்து ஏழைக்கு இதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும் என்று டில்லியில் எண்ணிவிட்டார்கள் போலும்.

இன்டர்நெட் வழிப் படிப்புகளுக்கும் குறைவில்லை. மத்திய அரசின் ‘சுயம்’ தளம் கல்லூரி மாணவருக்கு. ‘கர்மயோகி’ தளம் எம்மைப் போன்ற அரசு ஊழியருக்கு. வேலை முடிந்து இரவில் வீடியோவை ஓடவிட்டுச் சான்றிதழ் வாங்குகிறவர்கள் அதன் பயனை அறிவார்கள்! ஆனால் ஓட்டல் சமையற்காரருக்கும் கட்டட மேஸ்திரிக்கும் இவை எட்டாதவை. வங்காளியில் பேரம் பேசத் தெரிந்தவருக்கு வங்காள எழுத்து தெரியாது. இந்தி காதுக்குப் புரிந்தாலும் கண்ணுக்குப் புரியாது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர் கையில் ஆங்கிலத்தில் கேள்வி கேட்கும் செல்போன் இருக்கிறது. ‘பீம்’ செயலியைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற சிறு செய்தியைக்கூட அவருக்குச் சொல்ல ஆளில்லை.

இடம் மாறிப் பிழைப்பவனுக்கான பாடம் செல்போன் எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். ஊரிலிருந்து வந்ததும் பழைய சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குகிறோம். வங்கிக் கணக்கில் இருப்பதோ பழைய எண். இணைப்பு துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழிந்தபின் கம்பெனி வேறொருவருக்குக் கொடுக்கலாம். அதன்பின் நம் கணக்கைப் பற்றிய குறுஞ்செய்தி முன்பின் தெரியாதவர் கைக்குப் போகும். இப்படிக் கைமாறிய எண்களை நீக்கும்படி 2025 ஏப்ரல் முதல் வங்கிகளுக்குக் கட்டளை உண்டு. ஆகவே எண் மாறியதைத் தெரிவிக்காதவரின் யுபிஐ ஒருநாள் நின்றுபோகலாம். மகளின் பள்ளிக் கட்டணம் கட்டும் நாளாக அது இருந்தால் யாரிடம் போய் முறையிடுவது? கணக்கு இருக்கும் கிளை திருநெல்வேலிப் பக்கம், ஆள் டாலிகஞ்சில்.

முறைகளும் ஓரிடத்தில் நிற்பதில்லை. ‘பணம் தருகிறேன், ரகசிய எண்ணைப் போடுங்கள்’ என்று ஏமாற்றிப் பணத்தை உருவியவர்கள் ஏராளம். ரகசிய எண் பணம் கொடுப்பதற்கே தவிர வாங்குவதற்கு அல்ல. இந்த மோசடிக்கு வழிவிட்ட வசதி, அதாவது ஒரு தனிநபர் இன்னொருவரிடம் யுபிஐயில் பணம் கேட்டு அனுப்பும் வசதி, 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. அதே மாதம் ரகசிய எண்ணுக்குப் பதில் கைரேகை, முகம் காட்டி ஒப்புதல் தரும் ஏற்பாடு வந்தது. 2018ல் சான்றிதழ் பெற்றவருக்கு இவ்விரண்டும் எப்படித் தெரியும்? பாடம் ஒருமுறை நடந்தால் போதாது.

மோசடிக்காரனும் பாடத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறான். போலீஸ் உடையில் வீடியோவில் தோன்றி ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டுவது வழக்கமாகி, 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் எச்சரிக்க நேர்ந்தது. அப்படியொரு கைது சட்டத்தில் கிடையாது. பணம் போய்விட்டால் அழைக்க வேண்டிய எண் 1930. அழைப்பது எவ்வளவு விரைவோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் தடுக்க அவ்வளவு வாய்ப்பு. வங்கிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் தவறில்லாமல் வெளியார் செய்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் சுற்றறிக்கை விட்டது. ரகசிய எண்ணைத் தாமே சொல்லிவிட்டவருக்கோ, வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம் வரையான நஷ்டம் அவர் தலையில்தான் என்றும் அதில் கண்டது. வெட்கப்பட்டு நாலு நாள் வெளியே சொல்லாமல் இருப்பவர்களுக்கு இந்த வரியைத் தமிழில் படித்துக் காட்டினால் நல்லது.

டில்லி அடுத்த திட்டம் போடும் வரை காத்திருக்கத் தேவையில்லை. நம் சங்கங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பொங்கல் விழா நடத்த மண்டபம் கிடைக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு இரண்டு மணி நேரம் இதற்கும் கிடைக்கும். வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தமிழர்கள் லேக் கார்டன்ஸிலேயே இருக்கிறார்கள். வருகிறவர் தம் செல்போனையும் பாஸ்புத்தகத்தையும் கொண்டுவரட்டும். முதல் வேலையாக, வங்கியில் பதிவான எண்ணும் கையில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்கலாம்.