பார்த்தாயிற்று!

வெளிதேசம் போய் வந்தவர்களை "என்னென்ன பார்த்தீர்கள்?" என்று கேட்பது நம்மவர் வழக்கம். கேட்பவருக்கு வேண்டியது எண்ணிக்கை. சொல்பவருக்கும் அதுதான் பெருமை. "லண்டனில் முதல் நாளே எட்டு இடம் பார்த்துவிட்டோம்" என்று, சென்ற கோடையில் ஊர் திரும்பியதும் நானும் மார் தட்டிக்கொண்டேன். அது பொய். முதல் நாளே ஒரு மாநகரத்தை விழுங்கப் பார்ப்பது அசட்டுத்தனம் மட்டுமல்ல, கூட வந்தவர்களுக்குச் செய்யும் கொடுமையும்கூட என்பது இப்போது என் கட்சி.

நாங்கள் நால்வர்: அம்மா, மனைவி, பன்னிரண்டு வயது மகள், நான். இரவு போய் இறங்கினோம். காலையில் ஜாபிதாவும் கையுமாகக் கிளம்பிவிட்டேன். ஊர் சுற்றிக் காட்டும் மாடி பஸ்ஸுக்கு நாள் முழுவதற்கும் டிக்கட் வாங்கியாயிற்று. ஒரு நிமிஷம் வீணானால் பணம் வீண் என்பது என் கணக்கு. பார்லிமெண்டு மாளிகைக்கு எதிரே நின்று, 'பிக் பென்' என்ற பெயரைப் பேனாவால் அடித்தேன். பிக் பென் என்பது உள்ளே தொங்கும் பெரிய மணியின் பெயர் என்றும், கோபுரத்துக்கு 2012-லிருந்து எலிசபெத் கோபுரம் என்று பெயர் என்றும் பிறகுதான் தெரிந்தது. கண்ணால் காணாததைப் "பார்த்தாயிற்று" என்று குறித்துக்கொண்ட மகானுபாவன் நான்!

வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "கொஞ்சம் இருடா, ஆத்தைப் பார்த்துக்கறேன்" என்றாள். காவேரிக் கரையில் பிறந்து வளர்ந்தவள். "பஸ் போயிடும் அம்மா" என்று நகர்த்திக்கொண்டு போனேன். மாலையில் அதே பாலத்தின் வழியாகத் திரும்பியபோது, "ஏண்டா, காலையிலே தண்ணி அந்தப் பக்கம் போச்சு; இப்போ இந்தப் பக்கம் போறதே?" என்றாள். களைப்பில் உளறுகிறாள் என்று நினைத்தேன். கடலின் ஏற்ற வற்றம் அந்தப் பாலத்தையும் தாண்டி மேலே போகிறது. அதனால் தேம்ஸ் அங்கே இரு திசையிலும் ஓடும். அந்த ஊரைப் பற்றி அன்று எங்களில் ஒருவர் உண்மையாகக் கண்டது அது ஒன்றுதான். கண்டவள் ஜாபிதா இல்லாதவள்.

பிரிட்டிஷ் மியூஸியத்துக்கு நான் ஒதுக்கியிருந்தது முக்கால் மணி. அங்கே சிற்பக் கற்கள் நிறைந்த ஓர் அறையில் மகள் நின்றுவிட்டாள். "அப்பா, அமராவதின்னு போட்டிருக்கே, நம்ம பக்கத்து ஊரா? இங்கே எப்படி வந்தது?" என்று கேட்டாள். கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த புத்த ஸ்தூபத்தின் கற்கள் அவை. 1845-ல் வால்ட்டர் எலியட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி தோண்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பி, 1859-ல் கப்பலேறியவை. அமராவதிக் கற்கள் பல இன்றும் எழும்பூர் மியூஸியத்தில் இருக்கின்றன. இத்தனையும் எனக்குத் தெரியும். இருந்தும், "அப்புறம் சொல்றேன், நேரமாச்சு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் எகிப்திய மம்மிகளைக் காட்டினேன். ஜாபிதாவில் இருந்தவை அவைதாமே! அன்று முழுவதும் அவள் அப்புறம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"இவ்வளவு செலவழித்துப் போய்விட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பதா? மறுபடி எப்போது போகப் போகிறோம்?" என்று நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். மறுபடி போகப் போவதில்லை என்பதால்தான் சொல்கிறேன். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. அந்த ஆற்றை அவள் இன்னொரு தடவை பார்க்கப் போவதில்லை. அவள் கேட்டது பத்து நிமிஷம்.

செலவைப் பற்றிப் பேசுவார்களானால், அந்த மியூஸியம் 1759-ல் திறந்த நாளிலேயே பொது ஜனங்களுக்கு இலவசம். இன்றும் உள்ளே போகக் காசு இல்லை. மறுநாளும் போகலாம், அதற்கு மறுநாளும் போகலாம். உடம்பின் கணக்கு ஒன்றும் இருக்கிறது. கோடையில் லண்டன் கடிகாரம் நமக்கு நாலரை மணி பின்தங்கியது. அங்கே மாலை 5 மணி என்றால் நம் உடம்புக்கு இரவு 9.30. தூங்க வேண்டிய குழந்தையையும் கிழவியையும் நிறுத்திவைத்து, "சிரியுங்கள்" என்று போட்டோ எடுக்கிறோம். அதில் அவர்கள் சிரிப்பதுபோலத்தான் இருக்கிறது.

முதல் நாளைக்கு ஓர் இடம் போதும். அதையும் வீட்டிலேயே பெரியவரோ சிறியவரோ சொல்லட்டும். டிக்கட் வாங்கியவர் சொல்ல வேண்டாம். யார் எங்கே நின்றாலும் மற்றவர்களும் நிற்க வேண்டும். ஊர் திரும்பியதும் எண்ணிக்கை கேட்கிறவர்களிடம் "ஒன்று" என்று சொல்லக் கூச்சப்படாதிருந்தால் சரி.

முப்பது வருஷமாகச் சென்னையில் இருக்கிறேன். எழும்பூருக்கு மகளை இனிமேல்தான் அழைத்துப் போக வேண்டும். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை அன்று அவளே சொல்லட்டும்.