கேக் ஆர்டரும் 250 கோடியும்

வீட்டிலேயே கேக் செய்து, இன்ஸ்டாகிராமில் ஆர்டர் எடுக்கும் ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, கேக் மேல் அச்சிட ஒரு போட்டோ, வீட்டு முகவரி, அம்மாவின் செல் நம்பர்... எல்லாம் ஒரு கூகுள் ஷீட்டில் இருக்கும். அடுத்த வருடம் சரியாக ஒரு வாரம் முன்பு, ‘குட்டிக்குப் பிறந்தநாள் வருதே, கேக் சொல்லிடலாமா?’ என்று வாட்ஸ்அப் போகும். ‘அட, ஞாபகம் வெச்சிருக்காங்களே’ என்று அம்மாக்களுக்கும் சந்தோஷம்தான்.

மத்திய அரசின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த ஷீட்டையும் விட்டுவைக்கவில்லை. 2023-ல் நிறைவேறிய சட்டம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகள் 2027 மே மாதம் அமலுக்கு வருகின்றன. நோட்டில் பேனாவால் எழுதி வைத்தால் இந்தச் சட்டம் எட்டிப் பார்க்காது. அதையே ஷீட்டில் ஏற்றினால் பார்க்கும்.

கேக்குக்காக வாங்கிய தேதி, கேக்குக்கு மட்டும்தான். அடுத்த வருட வாட்ஸ்அப்புக்குத் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். விவரங்கள் கசிந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தகவல் சொல்ல வேண்டும்; தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் முழு விவரம் தர வேண்டும். பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை! அது உச்சவரம்புதான். அபராதம் கட்டுபவரை அது எப்படிப் பாதிக்கும் என்பதையும் வாரியம் பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆனாலும், அரை கிலோ கேக் விற்பவருக்கு அந்த எண்ணைப் படித்த பிறகு தூக்கம் வருமா?

பெரிய தலைவலி குழந்தைகள் விஷயத்தில். 18 வயதுக்கு உட்பட்டவரின் தகவல் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். வாய்ச்சொல் போதாது, சரிபார்த்திருக்க வேண்டும். டிஜிலாக்கர் வழியாகச் சரிபார்க்க இடமிருக்கிறது. சொந்தமாக ஆப் வைத்திருக்கும் கம்பெனிக்கு அது சுலபம். கேக் செய்பவர் என்ன செய்வார்? ‘ஆதார் காப்பி அனுப்புங்க’ என்பார். ரகசியம் காக்க வந்த சட்டத்தால் ஷீட்டில் இன்னொரு ரகசியம் ஏறும்.

ஸ்டார்ட்அப்களுக்குச் சில விதிகளிலிருந்து விலக்கு அளிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. குழந்தைகள் பற்றிய விதியும் பாதுகாப்புக் கடமையும் அந்தப் பட்டியலில் இல்லை.

கேட்காமல் இருப்பதுதான் இப்போதைக்குச் சுலபமான வழி. பிறந்த தேதி எதற்கு? டெலிவரி தேதி போதும். போட்டோ கேக் கேட்பவரிடம் மட்டும் போட்டோ. ‘லிங்க் இருக்கும் யாரும் பார்க்கலாம்’ என்று ஷீட்டில் இருக்கும் செட்டிங்கை மாற்ற 2027 வரை காத்திருக்க வேண்டாம். இன்று ராத்திரி அவனில் கேக் வேகும் நேரத்திலேயே முடித்துவிடலாம்.